ஐம்பத்தாறு தடி

எங்கள் பக்கத்தில் திராட்சையை முந்திரிகை என்றுதான் சொல்வோம். கொடி வெட்டும் நாளில் விழுகிற கொப்புகளில் பென்சில் தடிப்பானவற்றைத் தெரிந்தெடுத்து, நான்கு கணு விட்டு நறுக்கி, வாழைநாரால் கட்டிக் கிணற்றடி ஈரத்தில் வைப்போம். அதுதான் தடி. தடி கேட்டு வருகிறவருக்கு இல்லை என்று சொல்வதில்லை. விலை வாங்குவதில்லை. வாங்கிப் போகிறவர் நன்றியும் சொல்லக்கூடாது. சொன்னால் வேர் விடாதாம். கொடி காய்த்ததும் முதற்குலையைக் கொண்டுவந்து தந்தால் போதும்.

பக்கத்து வீட்டு மார்க்கண்டுவின் மருமகள் தயாளினிக்கு நான் ஐம்பத்தாறு தடி கொடுத்தேன். கொடுத்த அன்றைக்கே அந்தக் கொடிக்கு நோய் என்பது எனக்குத் தெரியும்.

மயிலிட்டிக்குப் போகும் தெருவில் எங்கள் காணிகள் இருபத்தேழு வருஷம் எங்களிடம் இல்லை. 2017இல் இராணுவம் விட்டபோது மார்க்கண்டு குடும்பமும் நாங்களும் ஒரே மாதத்தில் திரும்பி வந்தோம். இரு வீட்டுக்கும் அத்திவாரம் மட்டும் மிச்சம். மார்க்கண்டு பற்றையை வெட்டி, முட்கம்பி கட்டியிருந்த இரும்புக் கட்டைகளைக் கிளப்பி அடுக்கி, அடுத்த மாரிக்குள் புகையிலை நட்டுவிட்டான். நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் முப்பது வருஷம் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். மண்வெட்டி என் கைக்குச் சரிவராது. எங்கள் ஒரே மகன் வன்னிச் சண்டையில் போனவன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

என் மனைவி றஜனி உரும்பிராயில் ஒரு சொந்தக்காரர் வீட்டிலிருந்து ஒரேயொரு தடி கொண்டுவந்து கிணற்றடியில் ஊன்றினாள். குளிக்கிற தண்ணீர் ஓடிப் போய்ச் சேரும் இடம். இரண்டாம் வருஷம் கொடி கிணற்றுக் கட்டைத் தாண்டிப் பந்தல் கேட்டது. மார்க்கண்டுதான் தன்னுடைய இரும்புக் கட்டைகளில் எட்டைக் கொண்டுவந்து நட்டுக் கம்பி இழுத்துத் தந்தான்.

றஜனிக்குச் சிறுநீரகம் பழுதானது. கடைசி மாதங்களில் பந்தலுக்குக் கீழே கதிரை போட்டு அவளை இருத்துவேன். ஊரடங்கில் யாரும் வந்துபோகாத அந்த வருஷந்தான் இலைகள் சிவந்தன. நரம்பு மட்டும் பச்சை. நரம்புக்கு நரம்பு நடுவே அரக்குச் சிவப்பு. ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தன.

"இஞ்சை பாருங்கோ, என்ரை கூறைச்சீலை மாதிரிக் கிடக்கு" என்றாள்.

2020 ஆவணியில் அவள் போனாள்.

எட்டு மாதம் கழித்து, மார்க்கண்டுவின் வெங்காயத்தைப் பார்க்க வந்த விவசாயப் போதனாசிரியர், தண்ணீர் குடிக்க என் கிணற்றடிக்கு வந்தார். சின்னப் பெடியன். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு இன்னொன்று.

"ஐயா, இது வைரஸ். இலைச்சுருள் நோய். இதுக்கு மருந்தில்லை. வேரோடை கிளப்பி எரிச்சுப் போடுங்கோ."

"காய்க்குது தானே தம்பி?"

"காய்க்கும். வரவர இனிப்பு இராது, நிறமும் ஒழுங்கா வராது. ஆனால் ஒண்டு, தடி மட்டும் ஆருக்கும் குடுத்துப் போடாதையுங்கோ. தடியோடைதான் இது ஊர் ஊராப் போறது."

தலையாட்டினேன். அந்த மாதமே அவர் வெளிநாடு போய்விட்டார். அவர் சொன்னதைக் கேட்டது நானும் கிணறும் மட்டுந்தான். நானும் எனக்குள் நியாயங்கள் தேடினேன். மண்ணில் மக்னீசியம் குறைந்தாலும் இலை சிவக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அச்சுவேலிக்குப் போய் அதற்கான உப்பு வாங்கிவந்து கரைத்து ஊற்றினேன். கிளப்ப மனம் வரவில்லை. அவள் நட்ட ஒன்று உயிரோடு நின்றது, அவ்வளவுதான்.

அடுத்த கொடிவெட்டு நாளில் தயாளினி வந்தாள். மீசாலைப் பிள்ளை. அவள் புருஷன் சிவகரன் டோகாவில் ஆறு வருஷம் இருந்துவிட்டு இனிப் போவதில்லை என்று வந்திருந்தான். புகையிலைக் காணியில் இரண்டு பரப்பு நிலத்தை முந்திரிகைக்குத் தரும்படி மாமனாரைக் கேட்டு மல்லுக்கட்டி வாங்கியிருந்தாள். இலையெல்லாம் கழித்த கொடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, றஜனி மாமி இருக்கேக்கை சொன்னவ. கொடி தடிச்ச உடனை முதல் தடி உனக்குத்தான் எண்டு."

"எத்தினை வேணும் பிள்ளை?"

"ஐம்பத்தாறு. அளந்து பார்த்தனாங்கள், ரெண்டு பரப்புக்கு அவ்வளவு பிடிக்கும். கூடக் கேக்கிறனோ?"

வேலிக்கு அப்பால் மார்க்கண்டுவின் குரல் கேட்டது. "முந்திரிகை நட்டு ஆருக்கடி வைன் காய்ச்சப் போறாய்?"

"உங்களுக்குத்தான் மாமா! கள்ளு விட்டுப்போட்டு இதைக் குடியுங்கோ, பெரிய மனிசர் மாதிரி இருக்கும்."

மார்க்கண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. அப்போது அந்த வீடு அப்படித்தான் இருந்தது.

சொல்லியிருக்கலாம். கொடிக்கு நோய், வேறிடத்தில் எடு என்று ஒரு வரி. நான் நினைத்தது வேறு. றஜனி ஐம்பத்தாறு இடத்தில் முளைப்பாள் என்று நினைத்தேன். அவளைக் கேட்டு ஒருத்தி வந்திருக்கிறாள் என்ற சந்தோஷமும் இருந்தது. செத்த வீட்டுக்குப் பிறகு அவள் பெயரை யாரும் என் முற்றத்தில் சொல்லியிருக்கவில்லை. நானே தெரிந்தெடுத்து, நானே நறுக்கி, நானே கட்டிக் கொடுத்தேன்.

புதிதாக வந்த இலைகளில் முதற்சிவப்பைக் கண்ட அன்றைக்கே ஆயத் தொடங்கிவிட்டேன்.

விடியப்புறம் முற்றம் கூட்டும் நேரம். கதிரையில் ஏறி, சிவந்த இலைகளை ஒவ்வொன்றாக ஆய்ந்து, மாவிலைச் சருகோடு சேர்த்துக் கொளுத்துவேன். எங்கள் ஊரில் காலையில் குப்பை எரியாத முற்றம் இல்லை. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சூரியன் வரும்போது பந்தல் பச்சையாக இருக்கும்.

தயாளினி தடிகளைப் பைகளில் முளைக்கவைத்து, கிடங்கு வெட்டி, எருவும் குழையும் தாட்டு நட்டாள். சோளகக் காற்று செம்மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற நாட்களிலும் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு நிற்பாள். தளிர் கம்பியைப் பிடித்ததும் எந்தக் கொப்பை விடுவது, எதைக் கிள்ளுவது என்று என்னிடம் வந்து கேட்பாள். நானும் றஜனி செய்ததைப் பார்த்திருந்த அளவில் சொல்வேன். மத்தியானம் மார்க்கண்டுவின் மனைவி குணலட்சுமி புட்டும் மீன் சொதியும் கொண்டுவந்து வரம்பில் வைப்பாள். மாமியும் மருமகளும் ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் பிசைந்து தின்பதைக் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் வருஷம் பங்குனியில் தயாளினி முதற்குலையைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். சிரிக்கவில்லை.

"மாமா, உங்களுக்கு நல்லதாத் தரவேணும் எண்டு தேடினனான். இதுதான் திறமானது."

ஒரே குலையில் பச்சை, மங்கிய சிவப்பு, கறுப்பு என்று மூன்று நிறம். றஜனியின் படத்துக்கு முன்னால் வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு பழத்தை வாயில் போட்டேன். புளித்தது.

"எப்பிடி?"

"முதல் காய்ப்பு அப்பிடித்தான் பிள்ளை. போகப்போகச் சரிவரும்."

அந்த வருஷ முடிவில் இரண்டு பரப்பும் சிவந்தது. தெருவால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். திருநெல்வேலிச் சந்தையில் வியாபாரிகள் குலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடைக்குள் போட்டார்கள்.

ஒருநாள் பின்னேரம் மார்க்கண்டு வீட்டில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். குணலட்சுமி பனங்கட்டியை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்.

"மனேச்சர் அண்ணை, நீங்களே சொல்லுங்கோ. வெத்திலைக்கு ஒரு முறை, முந்திரிகைக்கு ஒரு முறையோ? துடக்கோடை பந்தலுக்கை போனால் எந்தக் கொடி நிக்கும்?"

மாதவிலக்கான பெண்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போவதில்லை என்பது அந்த வீட்டுக் கட்டு. பல வீடுகளிலும் அப்படித்தான்.

தயாளினி வாசலில் நின்றாள். "மாமி, ஒரே ஒரு நாள். மோட்டர் தண்ணி இல்லாமல் இழுத்துக்கொண்டு கிடந்தது. இவர் மல்லாகத்துக்குப் போயிட்டார், மாமா கோயிலிலை. ஓடிப்போய் நிப்பாட்டினனான். நிப்பாட்டாட்டில் எரிஞ்சிருக்கும்."

"மோட்டர் எரிஞ்சால் வேறை வாங்கலாமடி."

"எரிஞ்சது மோட்டரில்லை, என்ரை ரெண்டு பரப்பு" என்றான் மார்க்கண்டு.

சிவகரன் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்பா, சும்மா இருங்கோ. பசளை காணாமல் இருக்கும்."

"அப்ப என்ரை போயிலை ஏன் சிவக்கேல்லை? அதே கிணறு, அதே மண். நீ டோகாவிலை மணலைப் பார்த்தனி. எனக்கு மண் படிப்பிக்காதை."

தயாளினி என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்கள் புத்தகம் படிக்கிறனீங்கள். துடக்கிலை இலை சிவக்குமோ?"

தேநீர் சூடாக இருந்தது. நான் ஊதினேன்.

"அது... சொல்லேலாது பிள்ளை."

அன்றிலிருந்து அவள் தோட்டத்துப் படலையைத் தாண்டக்கூடாது என்றாயிற்று. துடக்கு நாட்களில் மட்டுமல்ல, எந்த நாளிலும். தான் வெட்டிய கிடங்குகளைக் கிணற்றடியில் நின்று பார்த்தாள். சாப்பாட்டுக் கோப்பைகளும் இரண்டாயின.

சிவகரன் கமநல நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்ததில், புதிதாக வந்திருந்த போதனாசிரியை ஜெசிதா ஸ்கூட்டியில் வந்தாள். குருநகர்ப் பிள்ளை, விறுவிறு என்று கதைப்பாள். கொடி கொடியாகப் பார்த்தாள். கணுக்களில் மா அப்பினதுபோல் இருந்த வெள்ளைப்பூச்சியை நகத்தால் சுரண்டிக் காட்டினாள்.

"இது வைரஸ் நோய். உந்தப் பூச்சி கொடிக்குக் கொடி காவித் திரியும். ஐம்பத்தாறையும் கிளப்பி எரிக்க வேணும். வேர் மிச்சம் இருக்கக்கூடாது. கொஞ்ச நாள் நிலத்தைச் சும்மா விட்டு, பேந்து நோயில்லாத கன்றாப் பார்த்து எடுத்து நடுங்கோ."

"அப்ப துடக்காலை இல்லையோ?" என்று கேட்டான் சிவகரன்.

ஜெசிதா சிரித்துவிட்டாள். "துடக்குக்கும் வைரசுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்கள் வேதக்காரர் பிள்ளை. உங்களுக்கு இது விளங்காது" என்றாள் குணலட்சுமி.

"சரியம்மா, விளங்காட்டிப் போகுது. தடி எங்கை எடுத்தனீங்கள்?"

எல்லோரும் என் முற்றத்துக்கு வந்தார்கள். பத்து மணி வெயிலில் என் பந்தல் குளிர்ச்சியாகப் பச்சையாக நின்றது. ஜெசிதா அண்ணாந்து சுற்றி வந்தாள்.

"அடியிலை இலை மொட்டையாக் கிடக்கே ஐயா?"

"ஆட்டுக்கு ஆயிறனான்."

"முந்தி எப்பவாவது சிவந்ததோ?"

நான்கு பேர் என் வாயைப் பார்த்தார்கள். தயாளினி ஐந்தாவது ஆள். அவள் வேலியோரமாக நின்றாள்.

"இல்லை" என்றேன்.

"பார்வைக்கு ஒண்டும் தெரியேல்லை. எண்டாலும் ரெண்டு கொப்பு வெட்டி ஆய்வுக்கு அனுப்பினால்..."

"வேண்டாம் தங்கச்சி" என்று மார்க்கண்டு இடையில் புகுந்தான். "அது மனேச்சற்றை மனிசி நட்ட கொடி. அதிலை கை வைக்கக்கூடாது."

குணலட்சுமி தாழ்ந்த குரலில்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "தாய்க்கொடி நல்லாய் நிக்குது. பிள்ளையள் மட்டும் ஏன் பட்டது? இனியும் நான் சொல்ல வேணுமோ?"

அதுவரை அந்த வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. என் ஒரு சொல்லோடு சிவகரனும் வாயை மூடிக்கொண்டான்.

வைகாசியில் கொடிகளைக் கிளப்பினார்கள். மண்வெட்டியால் அடியைச் சுற்றித் தோண்டி, அலவாங்கு போட்டு நெம்பி, கயிறு கட்டி இழுத்தார்கள். நானும் போய்க் கொப்புகளை இழுத்துக் குவித்தேன். சும்மா இருக்க முடியவில்லை. பச்சைத்தடி இலேசில் எரியாது. மூன்று நாள் புகைந்தது. உடுப்புக் கொடியில் கிடந்த தயாளினியின் சட்டைகளெல்லாம் அந்தப் புகை மணத்தன என்று அவளே சொன்னாள்.

"வயசு போன காலத்திலை உங்களுக்கேன் இந்தப் பாடு, மனேச்சர்?" என்று மார்க்கண்டு எனக்கு இளநீர் வெட்டித் தந்தான். குடித்தேன்.

புதுக்கன்று ஐப்பசியில் நடுவதென்று முடிவாயிற்று. அதோடு குணலட்சுமி இன்னொன்றையும் முடிவு செய்தாள். நடுவதற்கு முதலே தயாளினி மீசாலைக்குத் தாய் வீட்டுக்குப் போக வேண்டும். கன்று வேர்விட்டுக் கம்பி பிடிக்கும்வரை இந்த வளவில் கால் வைக்கக்கூடாது. குறைந்தது ஆறு மாதம். சிவகரனைத் தெருவில் மறித்துக் கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்குத்தானே மாமா. அம்மா தண்ணி வெந்நி குடியாமல் கிடக்கிறா. நான் என்ன செய்ய?"

"அவள் என்ன சொல்லுறாள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. போறது வெள்ளிக்கிழமை எண்டால் அடுத்த வெள்ளிக்கிழமையோ அதுக்கடுத்ததோ எண்டு மட்டும் கேட்டவள்."

மூன்று வாரம் தள்ளி ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள். மறுநாள் காலை நான் கதிரையில் ஏறவில்லை.

என் யோசனை இதுதான்: இலை தானாகச் சிவக்கட்டும். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி, நோய் இங்கேயிருந்துதான் போனது என்று சொல்வேன். சொல் மட்டும் போதாது, கண்ணுக்கு ஏதாவது வேண்டும் என்று நினைத்தேன். ஜெசிதாவுக்கும் ரெலிபோன் எடுத்துக் கேட்டேன். ஆய்வு செய்தால் இந்தக் கொடிக்குத்தான் முதல் வந்ததென்று தெரியுமோ என்று.

"வைரஸ் இருக்குதோ இல்லையோ எண்டு தெரியும் ஐயா. எப்ப வந்தது எண்டு அது சொல்லாது. ஏன் கேக்கிறியள்?"

"சும்மா" என்றேன்.

மூன்று வருஷம் நான் ஆய்ந்த சிவப்பெல்லாம் சேர்ந்து வந்ததுபோல் வந்தது. குறித்த வெள்ளிக்கிழமை காலை, பந்தல் முழுக்க அரக்கு நிறம். போய் மார்க்கண்டுவின் படலையைத் தட்டினேன். மார்க்கண்டு, குணலட்சுமி, சிவகரன் வந்தார்கள். தயாளினி தோளில் பையோடு பின்னால் வந்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

மேலே காட்டினேன். தொடங்க வாயெடுப்பதற்கு முன் குணலட்சுமி தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, றஜனி அக்கான்ரை கொடியையும் பிடிச்சிட்டுதே!"

"இல்லை குணம், கேள்..."

"எத்தினை தரம் சொன்னனான், உங்கை போய் அண்ணைக்குத் தேத்தண்ணி வைச்சுக் குடுக்காதை, கிணத்திலை அள்ளாதை எண்டு. எந்தெந்த நாளிலை வந்தாளோ! எங்கடை வளவு காணாதெண்டு செத்தவளின்ரை கொடிக்கும் போயிட்டுது."

"குணம், இது இப்ப வந்ததில்லை. நாலு வருஷமா இருக்குது. றஜனி இருக்கேக்கையே சிவந்தது. நான்தான் ஒவ்வொரு நாளும் விடிய ஆஞ்சு எரிச்சனான். அந்தப் போதனாசிரியர் பெடியன் எனக்குச் சொன்னவர், தடி குடுக்க வேண்டாமெண்டு. தெரிஞ்சுகொண்டுதான் குடுத்தனான்."

மார்க்கண்டு கிட்ட வந்து என் தோளைப் பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"மனேச்சர், உங்கடை மனசு எங்களுக்குத் தெரியும். உந்தப் பெட்டையைக் காப்பாத்த நீங்கள் பழியைத் தூக்கித் தலையிலை வைக்க வேண்டாம்."

"சத்தியமாச் சொல்லுறன் மார்க்கண்டு."

"நாங்கள் எல்லாரும் இதிலை நிண்டு பார்த்தனாங்கள் தானே? பச்சைப் பசேலெண்டு நிண்டது. அந்தப் பிள்ளை கேக்க நீங்களே இல்லை எண்டு சொன்னனீங்கள். முப்பது வருஷம் சங்கக்கடையிலை நிண்ட மனிசன், ஒரு கொத்து அரிசி அளவு பிசகினதில்லை. நீங்கள் பொய் சொல்லுவியளோ?"

சிவகரன் நிலத்தைப் பார்த்தான். அவன் நம்பினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம்பினால் அவன் செய்யவேண்டியது நிறைய இருந்தது.

தயாளினி பையைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்தாள்.

"ஒவ்வொரு நாளுமோ மாமா?"

"ஓம் பிள்ளை."

"நான் உங்களிட்டைக் கேட்ட அண்டைக்கும்?"

"ஓம்."

"அந்த முதற்குலை கொண்டுவந்த அண்டைக்கும் ஆஞ்சனீங்களோ?"

தலையாட்டினேன். அவள் கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நல்லது. பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தெருப்பக்கம் நடந்தாள். சிவகரன் நான்கடி பின்னால் போனான்.

குணலட்சுமி தன் வீட்டுக்குப் போய்ச் செம்பில் மஞ்சள் தண்ணீரும் ஒரு கொத்து மாவிலையும் கொண்டுவந்தாள். கொடியின் அடியில் தெளித்தாள். கிணற்றுக் கட்டில் தெளித்தாள். தயாளினி பை வைத்த இடத்தில் இரண்டு தரம் தெளித்தாள்.

"நீங்களும் வாங்கோ அண்ணை. உங்களுக்கும் ஒண்டும் அண்டக்கூடாது."

தெருவில் பஸ்ஸுக்கு நின்ற தயாளினிக்கு இந்த முற்றம் அங்கிருந்தே நன்றாகத் தெரியும். அவள் இந்தப் பக்கம் திரும்பித்தான் நின்றாள்.

மஞ்சள் தண்ணீர் என் தலையிலும் நெஞ்சிலும் விழுந்தது. வேண்டாம் என்று கையை எடுக்கவில்லை. நனைந்தபடி நின்றேன்.